பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் கிட்டார் கேபினெட்டும்

கிட்டாருக்கு 12 அங்குல ஸ்பீக்கர், பேஸ் கிட்டாருக்கு 15 அங்குலம். இன்று யாரும் கேள்வி கேட்காத பங்கீடு இது. இசைக்கருவிக் கடையில் 15 அங்குலப் பெட்டியைக் காட்டி எலெக்ட்ரிக் கிட்டாரை இதில் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டால், "சார், அது பேஸ் கேபினெட்" என்று பதில் வரும். கூடவே இரண்டு எச்சரிக்கைகளும் வரும்: பெரிய ஸ்பீக்கர் மந்தமாக இயங்கும், ட்ரெபிள் வராது. அப்படிச் சொல்பவர்கள் காதால் கேட்டுத்தான் சொல்கிறார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டதெல்லாம் பேஸுக்கோ மைக் செட்டுக்கோ செய்த 15. கிட்டாருக்கென்று செய்த 15 வேறு சாமான். கடையில் இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி வேலை முடிந்தது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ஆம்ப் செய்யத் தொடங்கிய காலத்தில், 1946-இல் வந்த 'ப்ரொஃபெஷனல்' மாடலில் இருந்தது ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். அது பின்னர் 'ப்ரோ' என்று பெயர் சுருங்கி, 1960களின் நடுப்பகுதி வரை அதே 15 அங்குலத்தோடு விற்பனையில் இருந்தது. ஃபெண்டரின் பிரெசிஷன் பேஸ் சந்தைக்கு வந்ததோ 1951-இல். பேஸ் கிட்டார் பரவுவதற்கு முன்பே கிட்டார் ஆம்புக்குள் 15 உட்கார்ந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேஸுக்காகச் செய்த 'பேஸ்மேன்' ஆம்ப் 1950களின் நடுவில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கருக்கு மாறியது. அதைக் கிட்டார்காரர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்புக்கு மாதிரியாக வைத்துக்கொண்டதும் அந்தப் பேஸ்மேனின் சுற்றைத்தான். எந்த அளவு எந்தக் கருவிக்கு என்பது ஒருநாளும் கல்வெட்டில் பொறித்த விதியாக இருந்ததில்லை.

15 அங்குலத்தின் பொற்காலத்தைக் கேட்க வேண்டுமானால் சர்ஃப் இசைக் கிட்டார்காரர் டிக் டேலிடம் போக வேண்டும். 1960களின் தொடக்கத்தில் தென் கலிஃபோர்னியாவின் பால்போவா கடற்கரையில், ரெண்டெவூ பால்ரூம் என்ற பெரிய நடன அரங்கில் அவர் வாசித்தார். தடித்த தந்திகள், வேகமான பிக்கிங், அரங்கு நிறைந்த இளைஞர் கூட்டம். அன்றிருந்த ஆம்ப்களும் ஸ்பீக்கர்களும் அவர் கையில் வரிசையாகக் கருகின. அந்தத் தலைவலிக்கு ஃபெண்டர் கண்ட மருந்துதான் 'ஷோமேன்' ஆம்ப். அதன் மூடிய பெட்டிக்குள் ஜேபிஎல் டி130எஃப். ஜேம்ஸ் பி. லான்சிங் 1940களின் கடைசியில் வடிவமைத்த டி130 என்ற 15 அங்குல ஸ்பீக்கரைக் கிட்டாரின் அடியைத் தாங்கும்படி மாற்றிச் செய்தது அது. அந்த 'எஃப்' ஃபெண்டரைக் குறிப்பது. மூல டி130 வீடுகளில் இசைத்தட்டு கேட்பவர்களுக்காகவும் விற்ற ஸ்பீக்கர். 4 அங்குல வாய்ஸ் காயில், தட்டையான அலுமினியக் கம்பியைக் குத்துவாக்கில் சுற்றிய சுற்று, நடுவே பளபளக்கும் அலுமினியக் குமிழ், எடை குறைந்த காகிதக் கோன். சர்ஃப் இசையின் கண்ணாடி உடைவது போன்ற அந்த ட்ரெபிள் 15 அங்குலத்திலிருந்து வந்தது. ட்ரெபிள் வராது என்ற குற்றச்சாட்டுக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அடுத்த பெயர் ஸ்டீவி ரே வான். 1964-இல் வந்த கருப்பு முக 'வைப்ரோவெர்ப்' சுமார் 40 வாட், ஒரே ஒரு 15. முந்தைய ஆண்டு இதே பெயரில் வந்ததில் இரண்டு 10 இருந்தன. அவருடைய டெக்ஸஸ் ப்ளூஸின் அந்தத் தடித்த, அடிவயிற்றில் இடிக்கும் தொனியில் வைப்ரோவெர்ப்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்த ஆம்ப்புக்கு முன்னால் அவர் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலையும் வைத்திருந்தார். அது ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பிறகு 15 ஏன் ஒதுங்கியது? 1965-இல் ப்ரோவின் இடத்துக்கு 'ப்ரோ ரிவெர்ப்' வந்தது. அதில் இரண்டு 12. இங்கிலாந்திலிருந்து 4×12 பெட்டிகள், அதாவது நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்டவை, வந்து ராக் இசையின் காதையே மாற்றிவிட்டன. 15 அங்குலம் பேஸ்காரர்கள் கைக்கும், நாஷ்வில்லில் பெடல் ஸ்டீல் வாசிப்பவர்கள் கைக்கும் போனது. பெடல் ஸ்டீல்காரர்கள் இன்றுவரை அதை விடவில்லை. பீவியின் நாஷ்வில் 400 போன்ற ஆம்ப்கள் ஒற்றை 15 அங்குலத்தோடு அவர்களுக்காகவே வந்தவை. உடையாத, சுத்தமான, ஆழமான ஒலி வேண்டும் என்பவர்கள் அவர்கள். உங்களுக்கும் அதுதான் வேண்டுமென்றால் அவர்கள் பயன்படுத்தும் ஸ்பீக்கர்களைப் பின்தொடர்வது நல்ல குறுக்குவழி.

விட்டம் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு

ஜேபிஎல்லின் இ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இ130, இ140 இரண்டும் 15 அங்குலம். சட்டமும் காந்தமும் பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் இ130 தருவது 105 டெசிபெல், இ140 தருவது 100. ஐந்து டெசிபெல் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் இ130 ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்தை எட்ட இ140-க்கு மூன்று வாட்டுக்கு மேல் தேவை. காரணம் கோனின் எடை. இ130 கிட்டாருக்கு, அதன் கோன் லேசானது. இ140 பேஸுக்கு, கனமான கோன் கீழ்ச்சுருதியில் நிதானமாக நகரும், மேலே சீக்கிரம் அடங்கிவிடும். பழைய டி130எஃப், டி140எஃப் ஜோடிக்கும் இதே உறவுதான்.

'பெரிய ஸ்பீக்கர் மந்தம்' என்ற பேச்சு இங்கேதான் பிறந்தது. ஓர் ஒலி எவ்வளவு துடிப்பாகத் தொடங்குகிறது என்பதை முடிவு செய்வது அந்த ஸ்பீக்கர் எவ்வளவு உயர்ந்த அலைவரிசை வரை உயிரோடு இருக்கிறது என்பதே. நகரும் எடை, காந்தத்தின் பிடி, காயிலின் மின்தூண்டல் ஆகிய மூன்றும் அதைத் தீர்மானிக்கின்றன. விட்டத்துக்கு அதில் நேரடிப் பங்கு மிகக் குறைவு. 5,000 ஹெர்ட்ஸ் வரை போகும் 15, 3,000 ஹெர்ட்ஸில் நின்றுவிடும் 12 அங்குலத்தைவிடச் சுறுசுறுப்பாகவே கேட்கும்.

ஆக, ஸ்பீக்கர் வாங்கும்போது விவரத்தாளில் பார்க்க வேண்டியவை இவை. உணர்திறன் 99 டெசிபெல்லுக்கு மேல் இருக்கட்டும். வரைபடத்தில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மேடு தெரிய வேண்டும். கிட்டாரின் முகம் அங்கேதான் இருக்கிறது. கோன் முன்பின் நகரும் தூரம் குறைவாக, ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் அது கிட்டார் ஸ்பீக்கர். நான்கைந்து மில்லிமீட்டர் என்றிருந்தால் மேடை வூஃபர். கண்ணாலேயே தெரியும் அடையாளமும் உண்டு. கிட்டார் ஸ்பீக்கரின் ஓரம் மடிப்பு மடிப்பாக, காகிதமாகவோ பசை ஏற்றிய துணியாகவோ விறைப்பாக இருக்கும். தடித்த ரப்பரோ நுரையோ ஓரமாக இருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் 15 அங்குல ஸ்பீக்கருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் மைக் செட் பெட்டிகளுக்கானவை. அவை ஹார்னோ ட்வீட்டரோ மேலே துணைக்கு இருக்கும் என்ற கணக்கில் செய்தவை. தனியாகக் கிட்டாரைக் கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். விலை மலிவு என்று வாங்கிப் போட்டுவிட்டு 15 அங்குலத்தையே பழிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். கிட்டாருக்கான 15 வேண்டுமென்றால் ஜென்சன் பி15என், எமினென்ஸ் லெஜெண்ட் 1518, வெபர் ஆகியவற்றை இறக்குமதியாகத்தான் தேட வேண்டியிருக்கும். போக்குவரத்துச் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

காதுக்கு என்ன வித்தியாசம்

பரப்பளவில் ஒரு 15 என்பது ஒன்றரை 12-க்குச் சற்றுக் கூடுதல். இரண்டு 10 அங்குலத்தைவிடவும் கொஞ்சம் பெரியது, இரண்டு 12-ஐவிடச் சிறியது. ஒற்றை ஸ்பீக்கர் ஆம்ப் வேண்டும், ஆனால் 1×12-இன் ஒல்லி ஒலி போதவில்லை என்பவருக்கு இது இயல்பான அடுத்த படி.

கீழ்ச்சுருதியில் நடப்பது பலர் எதிர்பார்ப்பதற்கு மாறானது. கிட்டாரின் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸ். 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர்களின் இயல்பதிர்வு பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் விழும். ட்யூப் ஆம்ப் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்காது என்பதால் அந்த இடத்தில் ஒரு வீக்கம் வரும். ஆறாம் தந்தியில் ஈ முதல் ஜி வரை சில சுரங்கள் மட்டும் தனியே குமுறுவது இதனால்தான். 15 அங்குலத்தில் இயல்பதிர்வு 40களிலோ 50களிலோ இருக்கும், அதாவது கிட்டார் தொடாத இடத்தில். எனவே நல்ல 15-இல் கீழ்த்தந்திகள் ஆழமாகவும் சமமாகவும் ஒலிக்கும். குமுறல் கூடவில்லையே என்று சிலர் ஏமாந்துபோவதும் உண்டு. பி வரை இறக்கிச் சுருதி சேர்க்கும் ஏழுதந்திக் கிட்டாருக்கும் பாரிடோன் கிட்டாருக்கும் அந்தத் தந்தி 62 ஹெர்ட்ஸ். அவர்களுக்கு 15 உண்மையான பலன் தரும்.

இன்னொரு பயம், பெரிய கோன் ஒலியைக் குறுகலாக வீசும் என்பது. உண்மைதான், ஆனால் அளவு பார்க்க வேண்டும். கோனின் விட்டமும் ஒலியின் அலைநீளமும் சமமாகும் இடத்திலிருந்து வீச்சு குறுகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 12 அங்குலத்துக்கு அது சுமார் 1,300 ஹெர்ட்ஸ், 15-க்குச் சுமார் 1,000. மேலே போகப் போக இரண்டிலுமே கோனின் நடுப்பகுதி மட்டும்தான் ஒலி எழுப்புகிறது, அதனால் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும். பக்கத்துப் பக்கத்தில் ஸ்பீக்கர்களை அடுக்கிய 4×12 பெட்டி பக்கவாட்டில் ஒற்றை 15-ஐவிட மோசமாகவே வீசும். அதை மேடையில் வைத்துக்கொண்டு 15-ஐக் குறை சொல்வதில் நியாயமில்லை.

18 அங்குலம்? வேண்டாம். வாக்ஸும் மார்ஷலும் அந்த அளவில் பெட்டி செய்தார்கள், ஆனால் பேஸுக்காக. கிட்டாருக்கு அந்தப் பரப்பு தேவையில்லை, எடை தடை.

பெட்டி

திறந்த முதுகா, மூடிய முதுகா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ப்ரோவும் வைப்ரோவெர்ப்பும் திறந்தவை, ஷோமேன் மூடியது. திறந்த பெட்டியில் கோனின் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியைக் கீழ்ச்சுருதியில் தின்னும். முகப்புப் பலகை அகலமாக இருந்தால் சுற்றுப்பாதை நீளும், இழப்பு குறையும். 15-ஐ அதன் சட்டம் மட்டும் கொள்ளும் அளவுக்குச் சின்னப் பெட்டியில் திணிப்பது அதை வாங்கிய காரணத்தையே வீணாக்கும். திறந்த பெட்டிக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலம் வையுங்கள். முதுகில் மேலும் கீழும் பலகை போட்டு, நடுவில் மூன்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். வீட்டிலும் சின்ன மேடையிலும் என் ஓட்டு இதற்குத்தான். ஒலி அறையெங்கும் பரவும், வாசிப்பவர் காதுக்கும் எட்டும்.

மூடிய பெட்டி அடியை இறுக்கும், வீச்சை முன்னால் குவிக்கும். 80 முதல் 110 லிட்டர் உட்கொள்ளளவு போதும். உள்ளளவு 56 × 52 × 30 சென்டிமீட்டர் என்றால் சுமார் 87 லிட்டர். சைக்கிளில் ஏற்ற முடியாவிட்டாலும் ஆட்டோவில் ஏறும் அளவு. துளை வைத்த பெட்டி பேஸுக்குப் பொருந்தும், கிட்டாருக்கு அந்தக் கணக்கு வேலையில் இறங்க வேண்டியதில்லை.

ஃபெண்டர் பழைய பெட்டிகளை விரல் பூட்டுப் போட்ட பைன் பலகையில் செய்தது. பைன் லேசானது, கொஞ்சம் தானும் அதிரும். நம் தச்சரிடம் கேட்டால் 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளை என்பார். உறுதியில் குறையில்லை, தூக்கும்போதுதான் தெரியும். முகப்புப் பலகைக்கு ப்ளையும், பக்கங்களுக்கு லேசான பைனும் என்று கலந்து செய்வது நல்ல சமரசம். எம்டிஎஃப் வேண்டாம், எடையும் கூடும், மழைக்காலத்தில் ஊறினால் மூலைகள் உப்பிவிடும்.

ஸ்பீக்கர் துளையின் விட்டம் ஏறத்தாழ 355 மில்லிமீட்டர் வரும். 'ஏறத்தாழ' என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ஸ்பீக்கரைக் கையில் வைத்து அளக்காமல் வெட்டாதீர்கள். முன்னாலிருந்து பொருத்துவதா பின்னாலிருந்தா என்பதைப் பொறுத்தும் அளவு சற்று மாறும். எட்டுத் துளை இருந்தால் எட்டையும் பயன்படுத்துங்கள், டி-நட் போடுங்கள், எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் அழுத்தி முறுக்கினால் தகட்டுச் சட்டம் நெளிந்து வாய்ஸ் காயில் உரசத் தொடங்கும். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் என்றால் காந்தத்துக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று மரம் வெட்டுவதற்கு முன்பே பாருங்கள். பழைய 15-களின் பின்புறம் எதிர்பார்ப்பதைவிட ஆழமாக நீளும்.

12-உம் 15-உம் சேர்த்து

பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்: முன்பகுதியின் கூர்மைக்கு ஒரு 12, உடலுக்கு ஒரு 15. நல்ல கூட்டணி. டூம் மெட்டல் வாசிப்பவர்கள் 4×12-ஓடு 2×15 பெட்டியை அடுக்குவதும் இதன் பெரிய வடிவமே. கவனிக்க வேண்டியது மூன்று.

ஓம் கணக்கு: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோத்தால் 4 ஓம், தொடராகக் கோத்தால் 16. ட்யூப் ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் எண்ணோடு அது பொருந்த வேண்டும்; ஸ்பீக்கர் இல்லாமல் ட்யூப் ஆம்பை ஓட்டவே கூடாது. ட்ரான்சிஸ்டர் ஆம்பில் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் சரி. 8-உம் 4-உம் இணையாக இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு மின்சக்தியை இழுத்துக்கொள்ளும், அதனால் ஒரே ஓமில் வாங்குங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயர் ஸ்பீக்கர் வயராக இருக்கட்டும், கிட்டார் கேபிள் அல்ல.

உணர்திறன்: 97 டெசிபெல் 12-ஐயும் 103 டெசிபெல் 15-ஐயும் சேர்த்தால் 12 இருப்பதே கேட்காது. இரண்டுக்கும் இடையே இரண்டு டெசிபெல்லுக்கு மேல் வேறுபாடு வேண்டாம்.

மூன்றாவது, முனைகளின் திசை. 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் பின்னால் போகும்! அது பழுதல்ல, அவர்கள் வைத்த வழக்கம். டி130எஃப் அல்லது இ130 ஒன்றை வேறு நிறுவனத்தின் 12-ஓடு சிவப்புக்குச் சிவப்பு என்று கோத்தால் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். கீழ்ச்சுருதி காணாமல் போகும். ஜேபிஎல்லின் இரு வயர்களையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

ஆம்ப், பெடல், மைக்

15-க்கு மாறிய முதல் நாள் பேஸ் குமிழை 3-க்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். சுத்தமான ஒலியிலும் லேசாக உடையும் ஒலியிலும் 15 தன் முழு அழகைக் காட்டும். அதிக கெயினில் கீழ்ப்பகுதி குழையும். அதற்கு மருந்து ஆம்ப்புக்கு முன்னால் இருக்கிறது: ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதிகம் உடைக்காமல் விட்டுவிடும். வைப்ரோவெர்ப்போடு அது ஏன் அவ்வளவு பொருந்தியது என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். குழுவில் பேஸ்காரரும் கிக் டிரம்மும் 60 முதல் 120 ஹெர்ட்ஸில் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பார்கள். தனியாக வாசிக்கும்போது இனித்த ஆழம் அங்கே சேறாகலாம். ஒலிக்கலவை செய்பவரிடம் கிட்டாருக்கு 90 ஹெர்ட்ஸில் வெட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மைக்கை அலுமினியக் குமிழுக்கு நேரே வைத்தால் ஊசியாகக் குத்தும். குமிழின் விளிம்பிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் வெளியே தள்ளித் தொடங்குங்கள். 15-இல் நடுவிலிருந்து ஓரம்வரை தூரம் அதிகம் என்பதால் மைக் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ஒலி மெதுவாக, கட்டுக்குள் மாறும். இடம் தேட வசதி.

பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது

மல்ட்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரை முதல் ஏழு வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. இரண்டு கைவிரல்களாலும் கோனைச் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். சரசரவென்று உரசல் கேட்டால் வேண்டாம். பிறகு ஆம்ப் போட்டு, ஆறாம் தந்தியைத் தனியாகச் சத்தமாக வாசித்துக் கேளுங்கள்.

டி130எஃப்பையோ இ130-ஐயோ யாராவது கொண்டுவந்தால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கோன் எப்போது மாற்றியது, எந்தக் கிட் போட்டது? மூலக் கோன் கிட் அரிது என்பதால் பழுதுபார்ப்பவர்கள் கையில் கிடைத்த பேஸ் கோனை ஒட்டி, மேலே பழைய பெயர்த்தகட்டை அப்படியே விட்டிருப்பார்கள். காந்தமும் சட்டமும் அசல், ஆனால் அது இனி கிட்டார் ஸ்பீக்கர் அல்ல. நடுக்குமிழைப் பாருங்கள்: 4 அங்குல அகலத்தில் அலுமினியமாக இருக்க வேண்டும். காகிதக் குமிழ் இருந்தால், விலையில் பாதிக்கு மேல் பேசாதீர்கள்.